போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்: பேரக்குழந்தையை அவசரப் பிரிவுக்கு எப்போது தூக்கிச் செல்வது

மாலை நான்கு மணி. பிரிஞ்சாங்கில் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்பவில்லை. பத்து மாதப் பேரன் உங்கள் மடியில் இருக்கிறான். காலையிலிருந்து பால் சரியாகக் குடிக்கவில்லை. உடம்பு சுடுகிறது. வழக்கமாக உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குகிறவன் இன்று அதைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “பல்லு முளைக்குது போல, சரியாயிடும்” என்கிறார். மகனுக்கு போன் போட்டு வேலையைக் கெடுக்க வேண்டுமா, அவன் வரட்டும் என்று இருக்கலாமா என்று யோசிக்கிறீர்கள்.

கேமரன் மலையில் பல வீடுகளில் பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாத்தா பாட்டிதான். அதனால் இந்தப் பாடத்தை உங்களுக்காகவே எழுதியிருக்கிறோம். பெற்றோர் வீட்டில் இருந்தாலும், “ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?” என்று அவர்கள் முதலில் கேட்பது உங்களைத்தான். நீங்கள் “ஒன்னும் இல்ல, விடு” என்றால் பயணம் நின்றுவிடும். “போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்” என்றால் பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பும். வீட்டுப் பெரியவர் சொல்லுக்கு இருக்கும் இந்தப் பலத்தைக் குழந்தைக்குச் சாதகமாக எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் கீழே வருகிறது.

மலையில் நேரத்தின் கணக்கு வேறு

பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்ட்ராபெரி வாங்க வருகிறவர்களின் கார்கள் நகராமல் நிற்கும். சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் குறுகலான தோட்டச் சாலையைக் கடந்து பிரிஞ்சாங் வருவதே ஒரு வேலை. மழைக்காலத்தில் மண்சரிவு வேறு.

இன்னொன்றும் உண்டு. குழந்தைக்குப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், தானா ராத்தாவிலிருந்து மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வளைந்து வளைந்து இறங்கும் சாலை. இரவில், மூடுபனியில் அதற்கு நேரம் பிடிக்கும். பட்டணத்தில் இருப்பவர் “இன்னும் ரெண்டு மணி நேரம் பார்ப்போம்” என்று சொல்லலாம். நமக்கு அந்த இரண்டு மணி நேரம் அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. அதனால் மலையில் வாழ்பவர்களுக்கு எங்கள் ஆலோசனை இது: சந்தேகம் இருந்தால், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

முன்பு தோட்டங்களில் டிரஸ்ஸர் இருந்தார். கதவைத் தட்டினால் வந்து பார்ப்பார், அவர் முகத்தைப் பார்த்தே தைரியம் வரும். அந்தக் காலத்தில் வளர்ந்த உங்களுக்கு, ஒரு காய்ச்சலுக்காக அவசரப் பிரிவு வரை போவது பெரிய ஆர்ப்பாட்டமாகத் தோன்றலாம். அது இயல்புதான். ஆனால் அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில் ஒரு குழந்தை தங்காமல் போனது என்பதும் உங்கள் நினைவில் இருக்கும்.

எதைப் பார்த்தால் உடனே போக வேண்டும்

முதலில் வயது. பிறந்து 3 மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிரித்துக்கொண்டிருந்தாலும் போக வேண்டும். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி முழுதாக வந்திருக்காது. இரத்தத்திலோ மூளையைச் சுற்றியுள்ள சவ்விலோ கிருமி பரவினாலும் ஆரம்பத்தில் வெறும் காய்ச்சலாக மட்டுமே தெரியலாம். சில சமயம் காய்ச்சலுக்குப் பதிலாக உடம்பு சில்லிட்டும் போகலாம். ‘இப்பத்தானே சுட ஆரம்பிச்சுது’ என்று காத்திருக்க இடமில்லாத வயது இது.

கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது போதாது. நம் ஊர்க் குளிரில் உங்கள் கை சில்லென்று இருந்தால் எந்தக் குழந்தையின் நெற்றியும் சுடுவதுபோல்தான் தெரியும். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். எண் சின்னதாகத் தெரிகிறது என்றால் பெரிய திரை உள்ளதாகக் கேட்டு வாங்கலாம். குளிருக்காகக் குழந்தையைக் குல்லா, ஸ்வெட்டர், கம்பளி என்று சுற்றி வைப்பது நம் வழக்கம். காய்ச்சல் வந்தபோதும் அப்படியே சுற்றி வைத்தால் உடம்புச் சூடு வெளியேற வழி இருக்காது. ஒரு பருத்திச் சட்டை, மேலே ஒரு மெல்லிய போர்வை போதும்.

அடுத்தது மூச்சு. இதற்கு டாக்டர் வேண்டாம், வினாடி முள் உள்ள கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. இப்படி முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், சிறு குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள கணக்கு இது: 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. நுரையீரலில் சளிக்காய்ச்சல் பிடித்திருக்கலாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்டால், உடனே கிளம்புங்கள். நம் குழந்தைகளின் நிறத்தில் முகம் நீலம் பூப்பது சட்டென்று தெரியாது. உதட்டின் உட்பகுதி, ஈறு, நாக்கு இவற்றைப் பாருங்கள். அங்கே நீலமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் 999க்கு அழைக்க வேண்டும்.

இதை இன்று இரவே பழகிப் பாருங்கள். பேரப்பிள்ளை நல்ல சுகத்தோடு தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாலைந்து இரவு எண்ணினால் அந்தக் குழந்தையின் வழக்கமான மூச்சு எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். சுகமாக இருக்கும்போது தெரிந்த எண்தான் சுகமில்லாதபோது கைகொடுக்கும்.

மூன்றாவது, தண்ணீர்ச்சத்து. வாந்தியும் பேதியும் உள்ள குழந்தைக்கு 6 முதல் 8 மணி நேரமாக டயாப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் வறண்டிருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, கொடுத்ததெல்லாம் வாந்தியாகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். வாந்தி பச்சை நிறத்தில் இருந்தாலும், வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் தெரிந்தாலும் அப்படியே. உச்சிக்குழி உள்வாங்காமல் மேலே புடைத்துக்கொண்டு இறுக்கமாக இருந்தால் அதுவும் ஆபத்து. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு வெறும் தண்ணீர் ஊட்ட வேண்டாம், தாய்ப்பாலைத் தொடருங்கள்.

தடிப்பைப் பற்றி ஒரு சின்னச் சோதனை. உடம்பில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் வந்தால், ஒரு தெளிவான கண்ணாடித் தம்ளரைப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதும் புள்ளி மறையாமல் அப்படியே தெரிந்தால், காய்ச்சலோடு அது இருந்தால், உடனே மருத்துவமனை.

நான்காவதை எப்படிச் சொல்வது? தெர்மாமீட்டரில் தெரியாதது, ஆனால் உங்களுக்குத் தெரிவது. கூப்பிட்டால் திரும்பவில்லை, தூக்கினால் துணிபோல் துவள்கிறது, தூங்கினால் எழுப்ப முடியவில்லை, அழுகை வழக்கமான அழுகையாக இல்லை, கீச்சென்று இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைப் பிடுங்காத அந்தப் பேரன்! “எங்க புள்ள இப்படி இருக்காது” என்று தினமும் பார்க்கும் ஒருவர் சொன்னால், அனுபவமுள்ள மருத்துவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். கவுண்டரில் அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்.

1997இல் சரவாக்கில் நடந்தது

கை, கால், வாய்ப்புண் நோய் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதால் நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 1997இல் சரவாக்கில் இந்த நோய் பரவியபோது ஏறக்குறைய 30 சிறு குழந்தைகள் இறந்தார்கள். அதற்கு முன் நன்றாக இருந்த குழந்தைகள் அவர்கள். இரண்டு மூன்று நாள் காய்ச்சல், வாயில் சில புண்கள், பிறகு திடீரென்று நிலைமை மோசமாகி, மருத்துவமனைக்கு வந்த சில மணி நேரத்திலேயே பலர் போய்விட்டார்கள். எண்டரோவைரஸ் 71 என்ற கிருமி அந்தப் பரவலில் கண்டுபிடிக்கப்பட்டது. மூளையின் அடிப்பகுதியையும் இதயத்தையும் தாக்கக்கூடிய கிருமி அது.

அதன் பிறகு மருத்துவர்கள் கற்றுக்கொண்டதை நாமும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இந்த நோய் வந்த குழந்தை, தூக்கத்தில் விழத் தொடங்கும்போது மறுபடி மறுபடி திடுக்கிட்டுத் துள்ளினால், காய்ச்சல் 3 நாளுக்கு மேல் நீடித்தால், வாந்தி நிற்காவிட்டால், நடை தள்ளாடினால், சோர்ந்து மயங்கினால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். ‘குழந்தை எதையோ பார்த்துப் பயந்திருக்கு’ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அந்தத் துள்ளல்தான் இங்கே முதல் எச்சரிக்கை. திருநீறு பூச வேண்டும் என்றால் பூசிக்கொண்டே கிளம்புங்கள். மந்திரிக்க ஆள் தேடிப் போய் வந்த பிறகு என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

டெங்கியும் இப்படி ஏமாற்றும். மலையில் கொசு குறைவு என்றாலும் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ கீழே போய்வந்த குழந்தைக்கு வரலாம். டெங்கியில் ஆபத்தான காலம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது, பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள். “காய்ச்சல் விட்டுருச்சு” என்று வீடே நிம்மதியடையும் நேரத்தில் குழந்தைக்கு வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை தெரிந்தால் உடனே போங்கள்.

வலிப்பு வந்தால்

ஆறு மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்ப்பதற்கு அதைவிடப் பயங்கரமானது வேறில்லை. கண் மேலே செருகும், கை கால் வெட்டும், வாயில் நுரை வரும். பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், மூளைக்குக் கெடுதல் செய்வதும் அரிது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தைச் சுற்றி இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி திணிப்பது, மூக்கில் வெங்காயம் வைப்பது, பல்லுக்கிடையில் கரண்டி விடுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நம் கண்முன்னே பெரியவர்கள் செய்து பார்த்தவைதான். சாவி கொடுத்ததால் நின்றது என்று நாம் நம்பியதற்குக் காரணம், எப்படியும் அது இரண்டு மூன்று நிமிடத்தில் நிற்கப் போகிறது என்பதுதான். சாவியால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கரண்டி பல்லை உடைக்கும், தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். அவை இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வலிப்பு 5 நிமிடத்தில் நிற்காவிட்டால், நின்று மறுபடி வந்தால், நின்ற பிறகும் குழந்தை விழிக்காவிட்டால், மூச்சு சரியில்லாவிட்டால் 999க்கு அழையுங்கள். முதல் முறை வலிப்பு வந்த குழந்தை அரை மணி நேரத்தில் எழுந்து பிஸ்கட் கேட்டாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும். அது சாதாரணக் காய்ச்சல் வலிப்புதானா, மூளைக்காய்ச்சலின் தொடக்கமா என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது.

நன்றாக இருப்பதுபோலவே தெரியும், ஆனாலும் போக வேண்டும்

சில விஷயங்களில் குழந்தை அழக்கூட அழாது. பட்டன் பேட்டரி ஒன்று. இரவுச் சந்தையில் வாங்கும் விளக்கெரியும் பொம்மைகளிலும் ரிமோட்டிலும் காசு மாதிரி வட்டமாக இருக்கும் பேட்டரி. அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை எரித்துப் புண்ணாக்கிவிடும். ‘மலத்தோடு வந்துடும்’ என்று காத்திருந்து கெட்டுப்போன நேரத்தை மீட்க முடியாது. விழுங்கியதைப் பார்த்தீர்களோ இல்லையோ, பொம்மையின் பேட்டரி மூடி திறந்திருந்து பேட்டரியைக் காணவில்லை என்றால் அதுவே போதும், கிளம்புங்கள். ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

பூச்சிமருந்து இன்னொன்று. காய்கறிப் பண்ணையிலிருந்து மிச்ச மருந்தைத் தண்ணீர்ப் போத்தலிலோ சிரப் போத்தலிலோ ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020ஆம் ஆண்டு முதல் தடை உள்ளது. ஆனாலும் பழைய போத்தல் எங்காவது கொட்டகையில் இருக்கலாம். ஒரு வாய் போதும் உயிரைக் குடிக்க. முதல் நாள் குழந்தை விளையாடிக்கொண்டுகூட இருக்கும். எந்த மருந்தாக இருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரோ புளித்தண்ணீரோ கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்து, நனைந்த துணியைக் கழற்றி, தோலைக் கழுவி, அந்தப் போத்தலையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தேசிய விஷ மையத்தின் எண் 1-800-88-8099. லைன் கிடைக்கவில்லை என்றால் அதற்காக நிற்க வேண்டாம். மண்ணெண்ணெய், உங்கள் சொந்த இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கற்பூரம் இவற்றுக்கும் இதேதான். குறிப்பாகச் சர்க்கரை மாத்திரை! பெரியவருக்கு ஒரு வேளைக்கான மாத்திரை குழந்தையின் இரத்தச் சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும்.

தலையில் அடிபட்டது மூன்றாவது. கட்டிலிலிருந்தோ படியிலிருந்தோ விழுந்த குழந்தை ஒரு வயதுக்கு உட்பட்டதாக இருந்தால், அல்லது அதன் உயரத்துக்கு மேலிருந்து விழுந்திருந்தால், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தால், காட்டிவிட்டு வருவதே நல்லது. கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, ஒரு முறைக்கு மேல் வாந்தி, விழித்திருக்க வேண்டிய நேரத்தில் தூங்கித் தூங்கி விழுதல், மண்டையில் மெத்தென்ற வீக்கம், காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் இருந்தால் கேள்வியே இல்லை.

கடலையோ ரம்புத்தான் கொட்டையோ தொண்டையில் அடைத்து, முதுகில் தட்டி வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் இருமல் விடவில்லை, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது என்றால் ஒரு துண்டு உள்ளேயே இருக்கலாம். அதற்கும் போய்க் காட்ட வேண்டும்.

வீட்டு வைத்தியம் பற்றி

உங்கள் கைமருந்தை நாங்கள் பழிக்கவில்லை. பெரிய பிள்ளையின் சளிக்கு இஞ்சியும் துளசியும் போட்ட கஷாயம் தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கிவிடும். மூச்சுத் திணறும் குழந்தை இருக்கும் அறையில் சாம்பிராணி போட வேண்டாம். குளிருக்காகக் கதவை அடைத்துவிட்டுக் கரியடுப்பு வைக்கவே வேண்டாம், அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது. மினியாக் அங்கினைக் குழந்தையின் மூக்கருகில் தடவாதீர்கள். ஜி6பிடி குறைபாடு உள்ளதென்று பிறந்தபோதே எழுதித் தந்திருந்தால், துணிக்கிடையில் அந்துருண்டை போடாதீர்கள். அந்தக் குழந்தைகளின் இரத்தம் உடைந்து மஞ்சள் காமாலை ஏறும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், எடைக்கேற்ற அளவில். இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு போத்தலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250 மில்லிகிராம் இருக்கும். “எப்பவும் ஒரு கரண்டிதான்” என்று கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். போத்தலோடு வரும் சிரிஞ்சால் அளந்து கொடுங்கள், கொடுத்த மணியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு மருந்து கொடுத்துச் சூட்டைத் தணித்துவிட்டு வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

அவசரப் பிரிவில் நடப்பது

‘கெச்செமாசான்’ என்று எழுதியிருக்கும் வாசல்தான் அவசரப் பிரிவு. முதலில் ஒரு தாதியோ மருத்துவ உதவியாளரோ குழந்தையைப் பார்த்து எவ்வளவு அவசரம் என்று பிரிப்பார். ‘மேரா’ என்றால் சிவப்பு, உயிருக்கு ஆபத்து. ‘கூனிங்’ மஞ்சள். ‘ஹிஜாவ்’ பச்சை, காத்திருக்கலாம். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிட்டால் கோபம் வருவது இயற்கைதான். ஆனால் பச்சையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. காத்திருக்கும்போது குழந்தையின் நிலை மாறினால், மூச்சு வேகமானால், துவண்டால், நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்காமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

மலாய் சரளமாக வராதவர்களுக்கு ஆறு சொல் போதும். காய்ச்சல் என்றால் டெமாம். வலிப்பு என்றால் சாவான். மூச்சுத் திணறல் சுசா நாஃபாஸ். வாந்தி முந்தா. விழுந்துவிட்டது ஜாத்தோ. எதையோ விழுங்கிவிட்டது தெர்த்தெலான். இவற்றோடு எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் போனது, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கைவைத்தியம் செய்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தால் சிகிச்சை தடம் மாறும்.

அப்பா அம்மா இல்லாமல் பாட்டி மட்டும் கொண்டுபோனால் பார்ப்பார்களா என்று பலர் கேட்கிறார்கள். பார்ப்பார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் பெற்றோரின் கையெழுத்துக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கமாட்டார்கள். பெற்றோரின் தொலைபேசி எண் மட்டும் உங்களிடம் காகிதத்தில் இருக்கட்டும், போனில் சார்ஜ் போய்விட்டால் எண் தெரியாமல் தவிப்பீர்கள்.

இனி நீங்கள் அதிகம் தயங்கும் இடத்துக்கு வருவோம். மூன்று மணி நேரம் காத்திருந்து, டாக்டர் பார்த்துவிட்டு, “ஒன்றும் இல்லை, சாதாரணச் சளி” என்று அனுப்பிவிட்டார். வண்டிக்காரருக்குப் பணம், மகனுக்கு அரைநாள் சம்பளம், வீட்டில் ஒரு பேச்சு. அடுத்த முறை நீங்கள் வாயைத் திறக்கமாட்டீர்கள். இந்த மௌனம்தான் எங்களுக்குக் கவலை. மூச்சு, ஆக்சிஜன் அளவு, தண்ணீர்ச்சத்து எல்லாம் பார்த்த பிறகு சொல்லப்பட்ட ‘ஒன்றும் இல்லை’யும், வாசலில் நின்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ‘ஒன்றும் இல்லை’யும் ஒரே வார்த்தைகள்தான். மதிப்பு வேறு. அந்த முதல் ‘ஒன்றும் இல்லை’யை வாங்கத்தான் நீங்கள் போனீர்கள், கிடைத்தது, திரும்பினீர்கள். மகனும் மருமகளும் இதைப் படித்தால், பெரியவரிடம் “வீணா அலைஞ்சோம்” என்று சொல்லாமல் இருப்பது அவர்கள் பங்கு.

எல்லாவற்றுக்கும் அவசரப் பிரிவு வேண்டாம் என்பதும் உண்மை. மூக்கு ஒழுகுகிறது, லேசான காய்ச்சல், ஆனால் குழந்தை மூன்று மாதம் தாண்டியது, பால் குடிக்கிறது, விளையாடுகிறது, டயாப்பர் நனைகிறது என்றால், பகலில் அரசு சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே கூட்டமும் மற்றவர்களின் தொற்றும் குறைவாக இருக்கும். சந்தேகம் இரவில் வந்தால், அல்லது மேலே சொன்ன அறிகுறி ஒன்றாவது இருந்தால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

திரும்பும் முன் ஒரு கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள்: எதைப் பார்த்தால் மறுபடி கொண்டுவர வேண்டும்? மலாயில் “பிலா பெர்லு டாத்தாங் பாலிக்?” என்று கேட்கலாம். மதியம் அனுப்பிய குழந்தையை இரவு மறுபடி கொண்டுவந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது. சிறு குழந்தையின் நோய் மணிக்கு மணி மாறும். மதியம் பார்த்த டாக்டர் சொன்னது மதியத்து நிலைமைக்கு.

கதவுக்குப் பின்னால் ஒரு பை, ஒரு காகிதம்

பையில் குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம், மைகிட் அட்டை, இரண்டு டயாப்பர், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு கம்பளி, உங்கள் சொந்த மாத்திரை ஒரு வேளைக்கு. மருத்துவமனையில் காத்திருந்து உங்கள் சர்க்கரை இறங்கிவிட்டால் அங்கே இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவீர்கள்.

காகிதத்தில் பெரிய எழுத்தில் 999. அதன் கீழே உங்கள் முகவரி: தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, லயத்தின் எண், எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், பக்கத்தில் என்ன அடையாளம். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும், எழுதி வைத்ததை வாசித்தால் போதும். ஆம்புலன்ஸ் வரும்போது சந்திப்பில் ஒருவரை டார்ச் லைட்டோடு நிறுத்துங்கள், மூடுபனியில் லயத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால், தோட்டத்து வண்டியில் கிளம்பி வழியில் சந்திக்கலாமா என்று 999இல் பேசுகிறவரிடமே கேளுங்கள். துவண்ட குழந்தையை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம்.

காகிதத்தின் கடைசி வரியில், இரவு எந்த மணிக்கும் எழுப்பக்கூடிய, கார் வைத்திருக்கும் இரண்டு பேரின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர். அவர்களிடம் இன்றே, குழந்தை நன்றாக இருக்கும்போதே, சொல்லி வையுங்கள்.